டீ ட்ரீ ஆயில்: எதற்கு உதவும், எங்கே ஆபத்து? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துக்கடையிலும் ஆன்லைனிலும் சுலபமாகக் கிடைக்கிற எண்ணெய் இது. பரு, பொடுகு, சேற்றுப்புண், பேன் என்று எதைக் கேட்டாலும் யாராவது ஒருவர் "டீ ட்ரீ ஆயில் போடுங்க" என்று சொல்லிவிடுகிறார். இந்த எண்ணெயில் சரக்கு இருக்கிறது, ஆனால் சொல்லப்படுகிற அளவுக்கு இல்லை. எத்தனை சதவீதம் கலந்து போடுகிறீர்கள், பாட்டில் எவ்வளவு பழையது என்ற இரண்டு விஷயங்கள்தான் பலனையும் கெடுதலையும் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. கீழே உள்ள பதில்களில் இந்த இரண்டும் அடிக்கடி வரும்.

இது தேயிலையிலிருந்து எடுக்கிற எண்ணெயா?

இல்லை. தேயிலைச் செடிக்கும் இதற்கும் உறவே கிடையாது. இது மெலலூகா ஆல்டர்னிஃபோலியா என்ற ஆஸ்திரேலிய மரத்தின் இலையிலிருந்தும் இளங்கிளையிலிருந்தும் நீராவியில் வடித்தெடுப்பது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், தண்ணீர் தேங்கும் சதுப்பு நிலங்களில் இயற்கையாக வளரும் மரம். அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான பண்ட்ஜலங் மக்கள் இலையைக் கசக்கிச் சளி, இருமலுக்கு முகர்வதும், புண்ணில் வைத்துக் கட்டுவதும் வழக்கமாக இருந்தது. 1920களில் சிட்னியில் ஆர்தர் பென்ஃபோல்ட் என்ற வேதியியலாளர் இந்த எண்ணெயைச் சோதித்து, அன்று கிருமிநாசினியாகப் பயன்பட்ட கார்பாலிக் அமிலத்தைவிட இது பல மடங்கு வீரியமானது என்று எழுதினார். வணிகம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

அப்படியானால் இது நீலகிரித் தைலம் மாதிரிதானே?

ஒரே குடும்பம்தான். யூகலிப்டஸும் இதுவும் மிர்டேசி குடும்பத்தைச் சேர்ந்த ஆஸ்திரேலிய மரங்கள். மலேசியா, சிங்கப்பூர் வீடுகளில் குழந்தைக்கு வயிற்றில் தடவும் காயு பூத்தே எண்ணெயோ இன்னும் நெருங்கிய சொந்தம், அதுவும் மெலலூகா இனம்தான். ஆனால் உள்ளே இருக்கும் பொருள் வேறு. நீலகிரித் தைலத்தில் சினியோல் என்ற பொருள்தான் பெரும்பகுதி. டீ ட்ரீ ஆயிலில் சினியோல் குறைவாக இருப்பதுதான் நல்ல சரக்குக்கு அடையாளம். இதில் வேலை செய்வது டெர்பினென்-4-ஆல் என்ற பொருள். அதனால் ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைப் போடக் கூடாது.

இது கிருமியை எப்படிக் கொல்கிறது?

டெர்பினென்-4-ஆல் கொழுப்பில் கரையும் பொருள். பாக்டீரியா, பூஞ்சை இவற்றின் செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வுக்குள் புகுந்து அதைக் குலைக்கிறது. உள்ளே இருக்கும் பொட்டாசியம் முதலியவை கசிந்து வெளியேற, செல் சாகிறது. ஆய்வுக்கூடத்தில் இது மிக நன்றாக நிரூபிக்கப்பட்ட விஷயம்.

சிக்கல் என்னவென்றால், ஆய்வுக்கூடத் தட்டில் சாகும் கிருமி உங்கள் தோலிலும் அப்படியே சாகும் என்று சொல்ல முடியாது. "99 சதவீதக் கிருமிகளை அழிக்கும்" போன்ற விளம்பர வரிகளைப் பார்த்தால் சோதனை எங்கே நடந்தது என்று கேளுங்கள். மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் சிலவற்றில்தான் தெளிவான பலன் தெரிந்திருக்கிறது.

முகப்பருவுக்கு உண்மையிலேயே உதவுமா?

லேசான, நடுத்தரப் பருவுக்கு ஓரளவு உதவும். இந்த எண்ணெய்க்கு இருக்கிற நல்ல ஆதாரங்களில் இதுவும் ஒன்று. 1990இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஆய்வில் 124 பேரிடம் 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லையும், பருவுக்கு வழக்கமாகப் போடும் மருந்தான பென்சாயில் பெராக்சைடை 5 சதவீதத்திலும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் பரு குறைந்தது. டீ ட்ரீ மெதுவாகத்தான் வேலை செய்தது, ஆனால் தோல் காய்வது, எரிவது போன்ற தொல்லைகள் 44 சதவீதம் பேருக்குத்தான் வந்தன. பென்சாயில் பெராக்சைடு போட்டவர்களில் அது 79 சதவீதம். பின்னர் 2007இல் ஈரானில் 60 பேரிடம் 45 நாள் நடந்த ஆய்விலும் வெறும் ஜெல்லைவிட 5 சதவீத டீ ட்ரீ ஜெல் நன்றாக வேலை செய்தது.

கவனியுங்கள், இரண்டு ஆய்விலும் அளவு 5 சதவீதம். வடிவம் ஜெல். தினமும் பல வாரம் போட்டார்கள். கடையில் வாங்கும் "டீ ட்ரீ ஃபேஸ்வாஷ்" பலவற்றில் எத்தனை சதவீதம் என்றே எழுதியிருக்காது. அரை நிமிடத்தில் கழுவிவிடும் ஃபேஸ்வாஷிலிருந்து அந்த ஆய்வு முடிவை எதிர்பார்ப்பது நியாயமில்லை. என்னைக் கேட்டால், பென்சாயில் பெராக்சைடு ஒத்துக்கொள்கிறவர்கள் அதையே போடலாம். மருந்துக்கடையில் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை, ஆதாரமும் பலமானது. அது எரிச்சல் தருகிறவர்களுக்கு 5 சதவீத டீ ட்ரீ ஜெல் நல்ல மாற்று. கட்டி கட்டியாக, தழும்பு விழும்படி வருகிற பருவுக்கு இரண்டுமே போதாது, தோல் மருத்துவரைப் பாருங்கள்.

பாட்டிலில் இருப்பதை அப்படியே பருவின் மேல் தொட்டு வைக்கலாமா?

வேண்டாம். "ஒரு துளிதானே" என்று காட்டன் பட்ஸில் தொட்டு வைக்கும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. பலருக்கு முதல் சில தடவை ஒன்றும் ஆகாது. ஆனால் கலக்காத எண்ணெயைத் திரும்பத் திரும்பப் போடும்போது தோல் அதை எதிரியாக அடையாளம் கண்டுகொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. ஒருமுறை அலர்ஜி உருவாகிவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும். பிறகு டீ ட்ரீ கலந்த ஷாம்பு, சோப்பு எதைத் தொட்டாலும் அரிக்கும்.

வீட்டில் கலப்பதென்றால் எவ்வளவு?

10 மி.லி. எண்ணெய் என்பது இரண்டு டீஸ்பூன். அதில் 0.2 மி.லி. டீ ட்ரீ சேர்த்தால் 2 சதவீதம், 0.5 மி.லி. சேர்த்தால் 5 சதவீதம். துளிக் கணக்கில் சொன்னால் முதலாவது ஏறத்தாழ 4 முதல் 6 துளி, இரண்டாவது 10 முதல் 15 துளி. ஏன் இப்படி இழுக்கிறேன் என்றால், துளியின் அளவு பாட்டிலின் வாயைப் பொறுத்து மாறும். ஒரு மி.லி.க்கு 20 துளி வரும் பாட்டிலும் உண்டு, 30க்கு மேல் வருவதும் உண்டு. மருந்துக்கடையில் ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பமே இல்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 2 சதவீதத்தில் ஆரம்பியுங்கள். கை, காலுக்குத் தேங்காய் எண்ணெயில் கலக்கலாம். பரு வரும் முகத்தில் தேங்காய் எண்ணெய் துவாரங்களை அடைக்கும், அதனால் முகத்துக்குச் சதவீதம் எழுதிய ரெடிமேட் ஜெல்லே நல்லது.

தண்ணீரில் நாலு துளி விட்டு ஸ்ப்ரே செய்யலாமா?

எண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே மிதக்கும். குலுக்கினால் சில நொடிகள் கலந்த மாதிரி தெரியும், அவ்வளவுதான். ஸ்ப்ரே செய்யும்போது ஒரு நேரம் வெறும் தண்ணீர் வரும், இன்னொரு நேரம் கலக்காத எண்ணெய் நேராக முகத்தில் விழும். குளிக்கிற வாளித் தண்ணீரில் விடுவதும் இதே கதைதான்.

பொடுகு போகுமா?

குறையும். 2002இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 126 பேர் கலந்துகொண்டார்கள். நான்கு வாரம் 5 சதவீத டீ ட்ரீ ஷாம்பு போட்டவர்களுக்குப் பொடுகின் தீவிரம் 41 சதவீதம் குறைந்தது. மருந்தில்லாத ஷாம்பு போட்டவர்களுக்கு 11 சதவீதம். ஷாம்பைத் தலையில் மூன்று நிமிடம் ஊறவிட்டுக் கழுவினார்கள். நல்ல முடிவுதான், ஆனாலும் பொடுகுக்குக் கெட்டோகொனசோல் ஷாம்பு பழகிய, பலமான மருந்து. அதைப் போட்டும் சரியாகாதவர்கள் அல்லது அது பிடிக்காதவர்கள் இதை முயலலாம்.

சாதாரண ஷாம்பு பாட்டிலில் ஐந்தாறு துளி விடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 100 மி.லி. ஷாம்பில் 5 சதவீதம் வர 5 மி.லி. வேண்டும், அதாவது 100 துளிக்கு மேல். ஐந்து துளியில் வாசனை வரும், மருந்து வராது. அதற்காக 100 துளியைக் கொட்டவும் வேண்டாம். அது சரியாகக் கலந்திருக்கிறதா என்று வீட்டில் பார்க்க வழியில்லை.

இன்னொன்று. பொடுகு உள்ள தலையில் தேங்காய் எண்ணெயில் டீ ட்ரீயைக் கலந்து இரவு முழுக்க ஊறவைப்பது. பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்ற பூஞ்சை கொழுப்பைத் தின்று வாழ்வது. அதற்குச் சாப்பாடும் போட்டு மருந்தும் வைப்பதில் அர்த்தமில்லை.

மழைக்காலச் சேற்றுப்புண்ணுக்கு?

கால்விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறி, அரித்து, தோல் உரியும் சேற்றுப்புண் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. 10 சதவீத டீ ட்ரீ க்ரீம் போட்ட ஓர் ஆய்வில் அரிப்பும் செதிலும் குறைந்தன, ஆனால் பூஞ்சை சாகவில்லை. பின்னர் 25, 50 சதவீதக் கரைசலை வைத்து நடந்த ஆய்வில் பூஞ்சை போனவர்கள் வெறும் திரவம் போட்டவர்களைவிட அதிகம். ஆனால் அந்த வீரியத்தில் சிலருக்குத் தோல் வெந்த மாதிரி ஆகிவிட்டது. பூஞ்சைக்கான குளோட்ரிமசோல், டெர்பினாஃபைன் க்ரீம்கள் இவ்வளவு ஆர்ப்பாட்டமில்லாமல் குணப்படுத்துகின்றன. எதைப் போட்டாலும் விரல் இடுக்கைத் துடைத்துக் காயவைப்பதுதான் பாதி வைத்தியம். சர்க்கரை நோயாளிகள் காலில் எந்தக் கை வைத்தியமும் செய்ய வேண்டாம், சேற்றுப்புண் என்றாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நகப்பூஞ்சைக்கு ஆறு மாதம் தினமும் கலக்காத எண்ணெய் போட்டுப் பார்த்த ஆய்வும் உண்டு. பூஞ்சை போனது பத்தில் இரண்டு பேருக்கும் குறைவாகத்தான். ஒப்பிட்ட குளோட்ரிமசோலும் பெரிதாகச் சாதிக்கவில்லை. நகத்துக்குள் எதுவும் எளிதில் இறங்காது.

படர்தாமரைக்குப் போடலாமா?

இதற்குக் கொஞ்சம் அழுத்தமாகவே வேண்டாம் என்கிறேன். இந்தியாவில் சில ஆண்டுகளாகப் படர்தாமரை பழைய படர்தாமரையாக இல்லை. ஸ்டீராய்டு கலந்த க்ரீம்களைச் சீட்டில்லாமல் வாங்கித் தடவியதில் அது பரவி, உருமாறி, டெர்பினாஃபைனுக்கே கட்டுப்படாத ட்ரைகோஃபைட்டான் இண்டோடினியே என்ற பூஞ்சை இப்போது பரவலாக இருக்கிறது. இடுப்பு, தொடை இடுக்கு என்று பரவிய பிறகு வாரக்கணக்கில் மாத்திரை தேவைப்படும். டீ ட்ரீ போட்டு அரிப்பு அடங்கினால் நோய் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அதற்குள் வீட்டில் மற்றவர்களுக்கும் வந்துவிடும்.

பேன், சிரங்குக்கு?

பேனுக்கு டீ ட்ரீயும் லாவெண்டரும் கலந்த ஒரு தயாரிப்பு ஆஸ்திரேலியப் பள்ளிக் குழந்தைகளிடம் நன்றாக வேலை செய்திருக்கிறது. வீட்டில் நாம் கலப்பது அந்தத் தயாரிப்பு ஆகாது. ஈரத் தலையில் பேன் சீப்பு போட்டுச் சில நாளைக்கு ஒருமுறை வாருவதை விட்டுவிடாதீர்கள், பேன் முட்டையான ஈர் எண்ணெயில் எளிதில் சாகாது. சிரங்குப் பூச்சியை 5 சதவீத எண்ணெய் ஆய்வுக்கூடத்தில் சீக்கிரம் கொன்றது உண்மை. ஆனால் நிஜத்தில் சிரங்குக்கு மருந்து பெர்மெத்ரின் க்ரீம், அதுவும் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போட வேண்டும்.

ஆவி பிடிக்கும்போது விடலாமா?

சளிக்கு இது உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. வெறும் ஆவி தருகிற இதமே போதும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த நெடியால் மூச்சு இழுக்கத் தொடங்கலாம். குழந்தைகளுக்கு ஆவியே வேண்டாம். கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோகிற ஆபத்து எண்ணெயைவிடப் பெரிது.

உள்ளுக்குச் சாப்பிடலாமா? "இயற்கையானது" என்றுதானே எழுதியிருக்கிறது?

ஒரு சொட்டுக்கூடக் கூடாது. தேனில் ஒரு துளி, வெந்நீரில் இரண்டு துளி என்று வரும் வாட்ஸ்அப் குறிப்புகளை அழித்துவிடுங்கள். நீலகிரித் தைலம், கற்பூரம் இவை குழந்தைகளுக்கு வலிப்பை வரவழைக்கும் என்பது பலருக்குத் தெரியும். டீ ட்ரீயும் மூளையைத்தான் தாக்குகிறது: தள்ளாட்டம், குழப்பம், ஆழ்ந்த மயக்கம். மருத்துவ இதழ்களில் பதிவான நிகழ்வுகளில் 17 மாதக் குழந்தை ஒன்று 10 மி.லி.க்கும் குறைவாகக் குடித்துத் தள்ளாடி, மயக்க நிலைக்குப் போனது. அரை டீ கப் குடித்த பெரியவர் ஒருவர் 12 மணி நேரம் கோமாவில் இருந்தார். இருவரும் பிழைத்தார்கள். நம் கடைகளில் கிடைக்கும் சிறிய பாட்டிலே 10 அல்லது 15 மி.லி. என்பதை நினைத்துப் பாருங்கள்.

வாய் கொப்பளிக்க வீட்டில் கலப்பதும் வேண்டாம். விழுங்கிவிடுவது எளிது, தண்ணீரில் கலக்காது என்று முன்பே சொன்னேன்.

குழந்தை குடித்துவிட்டால் உடனே என்ன செய்வது?

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத்தண்ணீர், முட்டை, தொண்டையில் விரல் எதுவும் வேண்டாம். வாந்தி எடுக்கும்போது எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும், அது இன்னும் மோசம். வாயைத் துடைத்துவிட்டு, பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 ஆம்புலன்ஸ். குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம், மயக்கம் சற்று நேரம் கழித்தும் வரும்.

பாட்டில் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் போடலாமா?

தோலில் போட வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். புதிய டீ ட்ரீ ஆயில் அலர்ஜியை அவ்வளவாக உண்டாக்குவதில்லை. காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டுப் பட்டு அதில் பெராக்சைடுகள், அஸ்காரிடோல் போன்ற பொருட்கள் உருவாகின்றன. தோலில் அலர்ஜியைக் கிளப்புவதில் அவை மூல எண்ணெயைவிடப் பல மடங்கு பலமானவை. பாட்டில் காலியாகக் காலியாக உள்ளே காற்று கூடுகிறது, அதனால் அடியில் கிடக்கும் கால் பாட்டில்தான் மோசம். நம் ஊர் வெயிலில் குளியலறை ஜன்னலில் வைத்த பாட்டில் இன்னும் சீக்கிரம் கெடும்.

அதனால் சின்ன பாட்டிலாக வாங்குங்கள். பெரிய பாட்டில் மலிவு என்று ஆசைப்படாதீர்கள். திறந்த தேதியை மூடியில் எழுதுங்கள். மூடியை இறுக்கி, இருட்டான, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் குழந்தை கைக்கு எட்டாத தட்டில். திறந்து ஆறு மாதம், அதிகம் போனால் ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளலாம். மணம் முன்பைவிடக் குத்தலாக மாறினால் அதற்கும் முன்னாலேயே தூக்கிப்போடுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றி ஊற்றாதீர்கள், சில பிளாஸ்டிக்கை இது கரைக்கும்.

எனக்கு அலர்ஜி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கலந்த எண்ணெயை முழங்கையின் உள்பக்கம் சின்ன இடத்தில் தடவி, இரண்டு நாள் பாருங்கள். இந்த அலர்ஜி உடனே தெரியாது, ஒரு நாள் கழித்துச் சிவந்து அரிக்கத் தொடங்கும். காலையில் தடவி மாலையில் "ஒன்றும் ஆகவில்லை" என்று முடிவு கட்டுவது சோதனை ஆகாது. முதல் தடவை சரியாக இருந்து, மூன்று மாதம் போட்ட பிறகு வருவதும் உண்டு.

கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள்?

கைக்குழந்தைக்கு எந்த வடிவிலும் வேண்டாம். கர்ப்ப காலத்தில் எப்போதாவது கழுவிவிடும் ஷாம்புக்குப் பயப்படத் தேவையில்லை. தினமும் தடவுவதாக இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பால் கொடுப்பவர்கள் மார்பில் தடவக் கூடாது, குழந்தையின் வாய்க்குப் போய்விடும்.

உடம்பில் எங்கெல்லாம் போடக் கூடாது?

கண், காதின் உள்ளே, மூக்கின் உள்ளே, பிறப்புறுப்பு, தீக்காயம், ஆழமான புண். காதைப் பற்றிக் கொஞ்சம்: விலங்குகளில் நடுக்காதுக்குள் கலக்காத எண்ணெயை விட்டபோது கேட்கும் திறன் குறைந்தது. காது வலிக்கு எண்ணெய் விடும் பழக்கம் நம்மிடம் இருப்பதாலும், காதுச் சவ்வில் ஓட்டை இருப்பது வெளியே தெரியாது என்பதாலும் இதைச் சொல்கிறேன். இமையில் வரும் டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய உண்ணிக்கு டீ ட்ரீ துடைப்பான்களைக் கண் மருத்துவர்கள் சிலருக்குத் தருவார்கள். அது அதற்கென்றே தயாரித்தது. வீட்டு பாட்டிலை இமைக்கருகே கொண்டுபோகாதீர்கள்.

நாய்க்கு உண்ணி பிடித்திருக்கிறது. தடவலாமா?

கூடாது. பூனைக்கு அறவே கூடாது. அமெரிக்காவின் விலங்கு நச்சுத் தகவல் மையம் 2002 முதல் 2012 வரை வந்த 443 நாய், பூனைகளின் பதிவுகளை ஆராய்ந்தது. எல்லாமே கலக்காத எண்ணெய் பட்டவை. பத்தில் ஒன்பதில் வளர்ப்பவர்களே நல்லது என்று நினைத்துத் தடவியவை அல்லது கொடுத்தவை. எச்சில் வழிதல், நடை தள்ளாடுதல், பின்னங்கால் வலுவிழத்தல், நடுக்கம், உடம்பு சில்லிடுதல் ஆகியவை சில மணி நேரத்தில் தொடங்கும். பூனை தன் உடம்பை நக்கியே உள்ளுக்குள் எடுத்துக்கொள்ளும். தெரியாமல் தடவிவிட்டால் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தால் கழுவிவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

லேபிளில் தாவரத்தின் முழுப் பெயர் மெலலூகா ஆல்டர்னிஃபோலியா என்று இருக்கிறதா, டீ ட்ரீ ஆயிலுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4730 என்று சொல்கிறார்களா, பாட்டில் அடர் நிறக் கண்ணாடியா, தயாரித்த தேதியும் பேட்ச் எண்ணும் உண்டா என்று பாருங்கள். அந்தத் தரத்தின் 2017 பதிப்புப்படி டெர்பினென்-4-ஆல் குறைந்தது 35 சதவீதம், சினியோல் 10 சதவீதத்துக்குள். நல்ல நிறுவனங்கள் பேட்ச்வாரியாகப் பரிசோதனை அறிக்கை தருவார்கள், கேட்டால் அனுப்புவார்கள். கலப்படம் இந்தத் தொழிலின் பழைய வியாதி. வேறு மர எண்ணெய்களின் மிச்சத்தைக் கலந்து இந்தச் சதவீதங்களைச் சரிக்கட்டுவார்கள். "தெரபியூட்டிக் கிரேடு" என்பது விற்பனைக்காரர்கள் தாங்களே சூட்டிக்கொண்ட பட்டம், அப்படியொரு அரசுத் தரம் கிடையாது.

கெட்டுப்போன எண்ணெயைத் தரை துடைக்கவாவது பயன்படுத்தலாமா?

கையுறை போடாமல் வேண்டாம், வீட்டில் பூனை இருந்தால் கையுறை போட்டும் வேண்டாம். சிங்க்கிலும் ஊற்றாதீர்கள், நீர்வாழ் உயிர்களுக்கு இது நச்சு. பழைய செய்தித்தாளிலோ மண்ணிலோ ஊறவைத்து, கட்டிக் குப்பையில் போடுங்கள். தீப்பற்றக் கூடியது என்பதால் அடுப்புப் பக்கம் வைக்க வேண்டாம்.